தராசு அக்காவின் கை

பவர் சப்ளையைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குகிறவரை அந்தக் கட்டடத்தில் ஏமாளி என்பார்கள். தரைத்தளம் முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். எந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும், யாராவது ஒருவர் அந்தச் செவ்வக இரும்புப் பெட்டியை உள்ளங்கையில் ஏந்தி, தர்பூசணி வாங்குகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருப்பார். கனமாக இருந்தால் தலையாட்டுவார். இலேசாக இருந்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் தராசு அக்கா. அதனால் வந்த வினையும் கடைசியில் அவர் தலையில்தான் விடிந்தது.

அவருடைய சொந்தப் பெயர் கடை உரிமத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பு அவர் ஒரு லாரி கம்பெனியின் பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரு மழைக்காலத்தில் எடை மேடை துருப்பிடித்து நின்றுவிட்டது. முதலாளி, நாளைக்குச் சரிசெய்யலாம், நாளைக்குச் சரிசெய்யலாம் என்று இழுத்தார். அதுவரை பார்சலைக் கையில் தூக்கிப் பார்த்து எடை எழுதினார் அக்கா. மேடை சரியாகி வந்தபோது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று வேடிக்கைக்குச் சோதித்தார்கள். ஒத்துப்போனது. ஒருநாள் மட்டும் ஒத்துப்போகவில்லை. "மேடைதான் தப்பு" என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு கூழாங்கல் சிக்கிக் கிடந்தது. அன்று வந்த பெயர்தான் தராசு.

கணவர் கிடைத்ததும் அந்த அலுவலகத்தில்தான். பழைய மானிட்டர்களைக் கட்டி எடுத்துவந்தவர், கட்டணம் குறையட்டும் என்று எடையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். தூக்கிப் பார்த்த அக்கா அவரிடம் பேசிய முதல் வார்த்தை, "பொய் சொல்றீங்க."

"அன்னிலேருந்து வீட்ல ஒரு பொய்கூடப் போணியாகலை" என்பார் அவர், கையில் இருக்கும் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே. கடையின் பின்பக்கத்தில், விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே எந்நேரமும் குனிந்திருப்பார். பழுது பார்ப்பது அவர் பாடு. வாங்குவதும் விற்பதும் அக்கா பாடு.

பழுதாகி வரும் மிஷின்களைப் பார்த்துப் பார்த்தே அக்கா தொழில் கற்றுக்கொண்டார். அநேகமாக எல்லாச் சாவுக்கும் பின்னால் ஒரே குற்றவாளிதான் இருந்தது. வாங்குகிறவர்கள் கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட்டுக்குச் செலவு செய்வார்கள். வண்ண விளக்கு எரியும் ஃபேனுக்குச் செலவு செய்வார்கள். உள்ளே ஒரு மூலையில், சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி எல்லோருக்கும் அளந்து ஊட்டுகிற பவர் சப்ளைக்கு வரும்போது மட்டும், "இருக்கிறதுலயே மலிவானதா ஒண்ணு போடுங்க" என்பார்கள்.

"மூஞ்சிக்கு மட்டும் பவுடர் அப்பிட்டு வயித்தைப் பட்டினி போடறீங்க" என்று அக்கா திட்டுவார்.

ஆனால் அந்தப் பெட்டிகளில் நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரித்தறிவது? மேலே ஒட்டியிருக்கும் தாளில் எல்லா நிறுவனமும் பெரிய எண்ணைத்தான் அச்சடிக்கும். திறந்து பார்க்கவும் வழியில்லை. திருகாணியின் மேல் ஒரு சின்ன முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். அது கிழிந்தால் உத்தரவாதம் போச்சு. அங்கேதான் அக்காவின் கை உதவிக்கு வந்தது. நல்ல பெட்டிக்குள் தடித்த செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும், சூட்டை வாங்கிக்கொள்ளும் கனத்த உலோகத் தகடு இருக்கும். மலிவுப் பெட்டியில் எல்லாம் பேருக்கு இருக்கும். ஆகவே கனம் பொய் சொல்லாது. வருடக்கணக்காக அது பொய் சொல்லவும் இல்லை. அக்கா தூக்கிப் பார்த்துக் கொடுத்த பெட்டி எரிந்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்தார்கள்; அவர்களும் தூக்க ஆரம்பித்தார்கள். பிறகு வாடிக்கையாளர்கள். தராசு என்ற பெயர் அந்தக் கட்டடத்தில் ஒரு முத்திரை போல ஆகிவிட்டது. கடையின் முதலே அதுதான்.

நேர் எதிரே இருந்தது மலிவு மாமாவின் கடை. அறுபதைத் தாண்டிய மனிதர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம், "உள்ள வாங்க, இதைவிடக் கம்மின்னா திருட்டுச் சரக்காத்தான் இருக்கும்" என்று கூப்பிடுவார். அவரிடம் எதுவும் கனமாக இருக்காது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

நான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த புதிது. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாள்களை மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு: பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், நீதிமன்ற மனு. அதற்கு ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. வேறு மண்ணில் குடியிருப்பவனுக்கு எதை வாங்கும்போதும், இதையும் ஒருநாள் விட்டுவிட்டுத்தானே போகப்போகிறோம் என்ற நினைப்பு வந்துவிடும். நாற்காலியோ, போர்வையோ, கை தானாக மலிவானதைத்தான் தேடும். மாமாவின் கடைப் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

"தம்பி, இங்க வாங்க" என்றது எதிர்க்கடையிலிருந்து ஒரு குரல். "எத்தனை நாள் இந்த ஊர்ல இருப்பீங்க?"

"தெரியாதுக்கா."

"தெரியாதுன்னா ரொம்ப நாள் இருப்பீங்கன்னு அர்த்தம். தேதி தெரிஞ்சவங்கதான் கிளம்பிப் போவாங்க. நல்லதா வாங்குங்க."

"என்னம்மா தராசு, படியேறின ஆளை இப்படி இழுக்கறியே. இது ஆள்கடத்தல் கேஸு" என்றார் மாமா.

"உங்க பெட்டியைத் தூக்கினா காத்துல பறக்குது மாமா. பட்டம் விடறவங்களுக்கு வித்துக்கோங்க."

அப்போது அக்காவின் கடையில் இன்னொருவரும் இருந்தார். பக்கத்துச் சந்தில் மிஷின் எம்பிராய்டரி செய்கிற தையல்காரம்மா. பள்ளிச் சீருடைகளின் சட்டைப்பையில் வருகிற சின்னங்களை அவர்தான் தைத்துக் கொடுத்துவந்தார். தையல் மிஷினுக்கு எந்த நூல், எந்தப் பக்கம், எத்தனை குத்து என்று சொல்லிக்கொடுக்க அவருக்கும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. புதிதாக வந்திறங்கிய ஒரு அட்டைப்பெட்டியை அக்கா எங்கள் முன்னால்தான் பிரித்தார். ஒரு பவர் சப்ளையை எடுத்து ஏந்தினார். புருவம் உயர்ந்தது.

"அடேயப்பா! இந்த விலையில இவ்வளவு கனமா? என்னங்க, உங்க தம்பி இந்தத் தடவை உருப்படியா ஒரு சரக்கு கொண்டாந்திருக்கார்."

சரக்கு வந்தது அவருடைய கொழுந்தனிடமிருந்து. கணவரின் தம்பி மொத்த வியாபாரி. துறைமுகத்திலிருந்து எடுத்து அந்தக் கட்டடம் முழுவதற்கும் கொடுப்பவர். அந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்று எனக்கு, ஒன்று தையல்காரம்மாவுக்கு. மீதி யார் யாருக்கோ.

என் மிஷின் அந்த வருடம் முடிவதற்குள் செத்தது. ஒரு நிலப்பத்திரத்தை மொழிமாற்றிக்கொண்டிருந்தேன். 'டப்' என்று மெல்லிய சத்தம். பிளாஸ்டிக் கருகும் நெடி. திரை இருண்டது. நான் எதையும் நம்பாதவன். செய்த வேலையெல்லாம் வெளியே ஒரு டிஸ்கில் தனியாக இருந்தது. ஆகவே உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் மிஷினைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் மேசைமேல் வைத்தபோது எனக்குக் கோபம்தான்.

அக்காவின் கணவர் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தார். "மதர்போர்டு போச்சு. ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. பவர் சப்ளை தான் மட்டும் சாகலை, கூட இருந்தவங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கு."

"இருக்காது" என்றார் அக்கா. "அது நான் தூக்கிப் பார்த்த பெட்டி."

"அக்கா, புகை அதிலேருந்துதான் வந்துச்சு."

"உங்க ரூம் பிளக்குல கோளாறா இருக்கும் தம்பி. வாடகை வீடு. எவன் எப்படி ஒயரிங் பண்ணினானோ."

"அதே பிளக்குல பக்கத்துல ஃபிரிட்ஜ் ஓடுதுக்கா. அதுக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஃபிரிட்ஜுக்கு என்ன தெரியும்?" என்றார். அது பதிலே இல்லை என்று அவருக்கே தெரிந்தது. பெட்டியை எடுத்து மறுபடி ஏந்தினார். எரிந்துபோன பின்பும் அதே கனம். "என்னங்க, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்க. இவருக்குத் திறந்தே காட்டிடறேன்."

"கொஞ்சம் பொறு. ஒயரைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் உட்கார்ந்திருக்கும்" என்றவர், தானே பெட்டியை வாங்கி, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, முத்திரைத் தாளைக் கீறி மூடியைத் தூக்கினார்.

உள்ளே ஒரு சின்னப் பச்சைப் பலகை. அதன்மேல் விரல்நுனி அளவில் ஒரு கம்பிச் சுருள். முக்கால்வாசி இடம் காலி. அந்தக் காலியிடத்தில், பெட்டியின் சுவரோடு சேர்த்துத் திருகி, கறுப்பு டேப் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. அக்காவின் கணவர், எங்களுக்கெல்லாம் அண்ணன், திருகைக் கழற்றி டேப்பை உரித்தார். இரும்புக்கட்டி. வெறும் இரும்புக்கட்டி. எந்தக் கம்பியும் அதற்குள் போகவில்லை. எதுவும் அதிலிருந்து வரவில்லை. கனமாக இருப்பதைத் தவிர அதற்கு அங்கே வேறு வேலையே இல்லை.

அக்கா கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு, இரும்பை நீக்கிவிட்ட பெட்டியை மற்றக் கையில் தூக்கினார். மாமா கடைப் பெட்டி போலவே இலேசாக இருந்திருக்க வேண்டும். காதுவரை சிவந்துவிட்டார்.

"உன் தம்பியைக் கூப்பிடு" என்றார் கணவரிடம். "வாங்க, போங்க" எல்லாம் அப்போது மறந்துபோயிருந்தது.

கொழுந்தன் பக்கத்துத் தெருக் கிடங்கிலிருந்து வந்தார். கட்டியைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. நான் எந்தப் பெட்டியைத் திறந்திருக்கேன்?"

"தெரியாம எப்படிய்யா? இது தானா வந்து உள்ள உட்கார்ந்துச்சா?"

"அது வந்து..." கொழுந்தன் தலையைச் சொறிந்தார். "அந்தக் கம்பெனி ஆள் ஒருத்தன் வந்திருந்தான். சரக்கு ஏன் உங்க பக்கம் ஓடமாட்டேங்குது, வாங்கறவங்க என்ன பார்க்கறாங்கன்னு கேட்டான். நான் உங்களைப் பத்திப் பெருமையாத்தான் சொன்னேன் அண்ணி."

"என்ன சொன்னே?"

"எங்க அண்ணி கையில தூக்கிப் பார்ப்பாங்க, கனம் இருந்தாத்தான் எடுப்பாங்க, அவங்க எடுத்தா மொத்தக் கட்டடமும் எடுக்கும்னு. ரொம்ப ஆச்சரியப்பட்டான். எழுதிக்கூட வச்சுக்கிட்டான். அடுத்த லோடுல வந்தது இது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருவரை ஏமாற்ற வேண்டுமென்றால் அவருடைய பலவீனத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இங்கே அந்தத் தேடலுக்கே அவசியம் இருக்கவில்லை. எது அவருடைய பலமோ அதற்கு அளவெடுத்துத்தான் அந்தக் கட்டி செய்யப்பட்டிருந்தது. எங்கோ தொலைவில் ஒரு தொழிற்சாலையில், முகம் தெரியாத யாரோ ஒருவர், அக்காவின் உள்ளங்கைக்காக இரும்பு வெட்டியிருக்கிறார்.

"சரி விடு" என்றார் அண்ணன், இந்த முறை தலையைத் தூக்கி. "ரிப்பேருக்கு வர்றவங்களுக்கு நல்ல பெட்டியா மாத்திக் கொடுப்போம். நல்லா ஓடற மிஷினையெல்லாம் போய் ஏன் கிளறணும்? ஊரெல்லாம் போய்ச் சொன்னா கடைப் பேரு என்னாகறது?"

"ஆமா அண்ணி. நூத்துல ரெண்டு போகலாம். அது எல்லாச் சரக்குலயும்தானே போகுது."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கடையில் மற்றக் கடைகளைவிடக் கூடுதலாக ஏதாவது இருந்தது என்றால் அது தராசு என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்காகத்தான் மக்கள் கூடுதல் விலை கொடுத்து அங்கே வந்தார்கள். என் கை தவறிவிட்டது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னால், மிஞ்சுவது ஒரு மேசையும் நான்கு அலமாரியும்தான். சொல்லாமல் விட்டால்? அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தையல்காரம்மா உங்களைப் போலத் தனியா டிஸ்க்ல வச்சிருப்பாங்களா தம்பி?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"வச்சிருக்க மாட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஊர்ல இருக்கிற அத்தனை ஸ்கூல் சின்னமும் அதுக்குள்ளதான் இருக்கும். ஸ்கூல் திறக்கற நேரம் வேற."

எழுந்து, கட்டியைக் கையில் பிடித்தபடியே எதிர்க்கடைக்கு நடந்தார். மாமா நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே அதைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"ஓ, பார்த்துட்டியா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

"அந்தச் சரக்கு எனக்கும் கொடுக்க வந்தாங்கம்மா. இந்த விலையில இந்தக் கனம் எப்படி வரும்னு ஒண்ணைத் திறந்து பார்த்தேன். வேண்டாம்னு அனுப்பிட்டேன்."

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னேன்னு வச்சுக்கோ. பொறாமைல பேசறான் கிழவன்னு சொல்லியிருக்க மாட்டியா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சொல்லியிருப்பேன்."

"அப்புறம்?" மாமா சிரிக்கவில்லை. "மலிவா விக்கிறவன் உள்ள என்ன இருக்குன்னு பார்த்து வச்சிருந்தாத்தான் பொழைக்க முடியும். எவ்வளவு தாங்கும்னு தெரியாம வித்தா அடி விழும். உனக்கு அந்த அவசியம் இல்லாமப் போச்சு. உன்னைத்தான் எல்லாரும் நம்பறாங்களே."

அக்கா அவருடைய அலமாரியைப் பார்த்தார். "கடையில பில் போடற மிஷினுக்கு ஒரு பெட்டி வேணும்."

மாமா ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கி இடுக்கிக்கொண்டார்.

"என்னம்மா, தூக்கிப் பார்க்கலையா?"

"நீங்களே சொல்லுங்க மாமா. எவ்வளவு தாங்கும்?"

"பில் போடலாம். பாட்டுக் கேக்கலாம். கேம் ஆடினீங்கன்னா, முதல்ல வீட்டை விட்டு வெளிய வந்துட்டு அப்புறம் ஆடுங்க."

"போதும்" என்றார் அக்கா. அன்றுதான் முதல்முறையாக அவர் மாமாவின் கடையில் வாங்கினார்.

கடைக்குத் திரும்பியதும், பில் போடும் மிஷினை அவரே நிறுத்தினார். அதற்குள் இருந்தது, கடை தொடங்கிய காலத்தில் வாங்கிய பழைய பெட்டி. தூசி படிந்து, பெயர் எழுதிய தாளே மங்கிப்போயிருந்தது. அதைக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றிப் பையில் வைத்தார். மாமாவின் இலேசான பெட்டியை அந்த இடத்தில் மாட்டச் சொன்னார். அண்ணன் மாட்டிக் கொடுத்தார்.

"தம்பி, நீங்களும் கூட வாங்க. செத்த மிஷினோட சொந்தக்காரர் பக்கத்துல நின்னாத்தான் நம்புவாங்க."

"நான் என்னக்கா, சாட்சியா?"

"இல்லை. துக்க வீட்டு ஆளு."

தையல்காரம்மாவின் பட்டறை ஒரே அறை. சுவரோரம் நூல்கண்டுகள் வண்ணவாரியாக அடுக்கியிருந்தன. நடுவில் ஊசிகள் வரிசையாக இறங்கி ஏறும் பெரிய தையல் மிஷின், எதிரே கம்ப்யூட்டர். ஏதோ ஒரு பள்ளியின் சின்னம் தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது: ஒரு திறந்த புத்தகம், அதன்மேல் பாதி முடிந்த தீபம்.

"வாங்கக்கா, வாங்க! அதிசயமா இருக்கே. உட்காருங்க. மேல இருக்கிற துணியெல்லாம் கீழ தள்ளிடுங்க."

அக்கா உட்காரவில்லை. "உங்க மிஷினை நிறுத்தணும்மா. உள்ள இருக்கிற பவர் சப்ளையை மாத்தணும்."

"ஐயோ, நல்லாத்தானே ஓடுது? இன்னும் ரெண்டு ஸ்கூல் பாக்கி இருக்கு. ஓடறதை நிறுத்தச் சொல்றீங்களே."

"இவரோடதும் நல்லாத்தான் ஓடிச்சு."

தையல்காரம்மா என்னைப் பார்த்தார். துக்க வீட்டு ஆளாக முடிந்தவரை முகத்தை வைத்துக்கொண்டேன். அக்கா பையிலிருந்து கட்டியை எடுத்து, துணி வெட்டும் மேசைமேல் வைத்தார். எங்கிருந்து வந்தது என்று சொன்னார். எதையும் சுற்றி வளைக்கவில்லை; கொழுந்தன் மேலோ கம்பெனி மேலோ போடவில்லை. "என் கையால தூக்கிப் பார்த்து, நல்லதுன்னு சொல்லி உங்களுக்குக் கொடுத்தேன். அது நல்லது இல்லை. எனக்குத் தெரியலை."

தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தீபத்தில் சுடர் முளைத்தது.

"அங்க எதிர்க்கடையில இதுல பாதி விலைக்குக் கொடுத்தாங்க" என்றார் தையல்காரம்மா மெதுவாக. "உங்க கையை நம்பித்தானே அக்கா கூட விலை கொடுத்து வாங்கினேன்."

"ஆமா. அதான் வந்தேன்."

"இதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு. ஒவ்வொரு சின்னத்துக்கும் ராவும் பகலும் உட்கார்ந்து குத்துக்குத்தாப் போட்டு வச்சிருக்கேன். போச்சுன்னா என் தொழிலே போச்சு."

"அதுவும் தெரியும்."

அந்தத் தீபம் முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நூல் அறுந்து ஊசி நின்றதும், தையல்காரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். என் பையில் இருந்த டிஸ்கை எடுத்துக் கொடுத்தேன். முதலில் சின்னங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். அது முடியும்வரை அக்கா கம்ப்யூட்டரின் பக்கத்திலேயே நின்றார், காய்ச்சல்காரக் குழந்தையின் கட்டிலருகே நிற்பதுபோல. அதன் பிறகுதான் நிறுத்தச் சொன்னார்.

புதிதாகப் போட இருந்த பழைய பெட்டியைத் துணியிலிருந்து பிரித்தபோது, தையல்காரம்மா கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "அக்கா, இதைத் தூக்கிப் பார்த்தீங்களா? எனக்காக ஒருதடவை தூக்கிப் பார்த்துச் சொல்லிடுங்க. மனசுக்கு நல்லா இருக்கும்."

நான் அக்காவைப் பார்த்தேன். சிரிப்பாரா அழுவாரா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தூக்கினது இனிமே கணக்குல இல்லைம்மா. இது எங்க கடை மிஷினுக்குள்ள இத்தனை வருஷமா இருந்துச்சு. எவ்வளவோ தடவை கரண்ட் வந்துச்சு, போச்சு. ஒருநாள்கூடச் சுணங்கலை. அதுதான் எனக்குத் தெரிஞ்சது. உள்ளேயும் பார்த்துட்டுச் சொல்லுங்க, வேணுமா வேண்டாமான்னு."

முத்திரைத் தாள் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. அக்கா மூடியைத் திறந்து பிடித்தார். தையல்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். தடித்த செம்புச் சுருள்கள், நெருக்கமாக, தூசியோடு.

"நூல்கண்டு மாதிரி நல்லா இறுக்கமாச் சுத்தியிருக்கே" என்றார். "சரி, போடுங்க."

கழற்றிய பெட்டியையும், உள்ளே தங்கிய கரண்ட் இறங்கக் காத்திருந்து, அங்கேயே திறந்தோம். அதே இரும்புக்கட்டி. பச்சைப் பலகையில் இருந்த சின்ன உருளைகளில் ஒன்று வயிறு வீங்கி, தலை வெடிக்கக் காத்திருந்தது. தையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டு அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மற்றவர்களிடமும் அக்கா போனார். எல்லோரும் தையல்காரம்மாவாக இருக்கவில்லை. ஒருவர் வாசலிலேயே நிற்கவைத்துச் சத்தம் போட்டார். ஒருவர் திறக்கவே விடவில்லை. "உங்களுக்கு வியாபாரம் படுத்துடுச்சு, அதான் மாத்தச் சொல்லி வர்றீங்க" என்றார். கட்டடத்தில் சில நாள் அதுதான் பேச்சு. தராசு முள் சாய்ந்துவிட்டது என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் அலமாரியிலும் அதே சரக்குதான் இருந்தது. அதை அவர்கள் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். கொழுந்தன் கொஞ்சக் காலம் அண்ணி கண்ணில் படாமல் நடந்தார். அக்காவின் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். குறைந்ததில் பலர் பிறகு திரும்பவே இல்லை. அதை அவர் சொல்லிப் புலம்பியதும் இல்லை.

ஒன்று மட்டும் மாறியது. புதுச் சரக்கு எது வந்தாலும் அதில் ஒரு பெட்டியின் முத்திரையைக் கிழித்துத் திறந்துவிடுவார். உத்தரவாதம் போகும். அந்த ஒன்றை விற்க முடியாது.

"ஒவ்வொரு லோடுலயும் ஒண்ணைப் பலி கொடுத்தா கட்டுப்படியாகுமாம்மா?" என்று மாமா எதிரேயிருந்து கேட்டார்.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம் மாமா. அந்த ஒரு சோத்தையாவது வாயில போட்டுப் பார்க்கணும்ல? பானையை வெளியிலேருந்து தூக்கிப் பார்த்துட்டு வெந்துடுச்சுன்னு சொல்லிட்டிருந்தேன் இத்தனை நாளும்."

எனக்குப் புது மிஷின் கட்டிக்கொடுத்த நாளில் அதைப் பார்த்தேன். வேறொரு மொத்த வியாபாரியிடமிருந்து புதுப் பெட்டிகள் வந்திருந்தன. அக்கா அட்டையைப் பிரித்தார். ஸ்க்ரூ டிரைவர் மேசைமேல் தயாராகத்தான் இருந்தது. ஆனால் கை அதைத் தேடிப் போகவில்லை. பெட்டியை ஏந்தியது. கண் அரைவாசி மூடியது. கை இரண்டு முறை மேலும் கீழும் அசைந்தது.

"ஒண்ணே முக்கால் கிலோ" என்றார்.

பின்பக்கத்திலிருந்த அண்ணன், தபால் எடை பார்க்கும் சின்னத் தராசை மேசைமேல் தள்ளிவிட்டார். பெட்டியை வைத்தேன். ஒன்றே முக்கால்.

அக்காவின் முகத்தில் ஒரு நொடி பழைய வெளிச்சம் வந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"எடை சரியா இருக்கு. இப்ப உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம்."